வீட்டு வாசலில் வண்டிக்கு ஓர் இடம்



இங்கிலாந்து நாட்டின் நகரமொன்றில் மகளோடு சில திங்கள் தங்கித் திரும்பிய பெரியவர் ஒருவர் அண்மையில் எம்மைக் காண வந்திருந்தார். கடுங்குளிரைப் பற்றியோ, அந்நாட்டு உணவைப் பற்றியோ அவர் குறைகூறுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, “குளிரைக் கம்பளியால் வென்றுவிடலாம் ஐயா, வண்டி நிறுத்தும் தொல்லையைத்தான் வெல்ல இயலவில்லை” என்று தொடங்கினார். கேட்ட எமக்கு முதலில் நகைப்பு வந்தது. அவர் சொல்லி முடித்தபோது நகைப்பு மறைந்து கவலையே எஞ்சியது.

அவருடைய மகள் மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி செய்பவர். நகர மன்றத்துக்குச் சொந்தமான அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறார். அங்குள்ள நம்மவர் இதனைக் ‘கவுன்சில் வீடு’ என்பர். விடியற்காலையில் பணி முடிந்து வருபவர் வீட்டின் கீழேயுள்ள திடலில் தமது சிறிய காரை நிறுத்திவிட்டு உறங்கச் செல்வார். பல ஆண்டுகளாக ஒரு காகித அனுமதிச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார். ஒருநாள் அச்சீட்டு இருந்த நிலையிலேயே வண்டியின்மேல் அபராத அறிவிப்பு ஒன்று காணப்பட்டது. “அது ஏதோ கம்பெனிக்காரன் வைக்கும் தாள், பணம் கட்டாதே, அவனால் ஒன்றும் செய்ய முடியாது” என்றார் அண்டைவீட்டார். மகளும் அதனை மேசை இழுப்பறையில் வைத்து மறந்துவிட்டார். பின்னர் வந்த கடிதங்களும் அதே இழுப்பறைக்குள் சென்றன. சில திங்கள் கழித்துக் கடன் வசூலிக்கும் அமலாக்க அலுவலர் வந்து கதவைத் தட்டினார். அன்று அவர் கேட்ட தொகை 400 பவுண்டுக்கும் மேல்.

அண்டைவீட்டார் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது பழைய முறைக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் முறை மாறியிருந்தது. மாறியதை இவர்கள் அறியவில்லை. நம் பங்குக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டில் வாழ்கின்றனர். ஆதலால் இம்மாற்றம் எத்தகையது, ஏன் வந்தது, குடும்பங்கள் எவற்றில் விழிப்பாயிருக்க வேண்டும் என்பவற்றை இத்திங்கள் சிந்திப்போம்.

வண்டி இல்லாத காலத்து வீடுகள்

பிரித்தானியாவில் நகர மன்றங்கள் பெருமளவில் வீடு கட்டத் தொடங்கியது முதல் உலகப் போருக்குப் பின்னரே. 1919-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் அதற்கு அடித்தளமிட்டது. இலண்டனுக்குக் கிழக்கே பெக்கன்ட்ரீ என்னுமிடத்தில் 1921-இல் தொடங்கிய பெருங்குடியிருப்பில் ஏறத்தாழ 26,000 வீடுகள் எழுந்தன. அக்காலத் தொழிலாளிக்குக் காராவது ஒன்றாவது! அவர் நடந்தோ மிதிவண்டியிலோ தொழிற்சாலைக்குச் சென்றார். ஆகவே வீடு, தோட்டம், பள்ளி, கடை ஆகியவற்றுக்கு இடம் வகுத்தவர்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வண்டி வரும் என எண்ணி இடம் ஒதுக்கவில்லை. பிற்காலத்தில் கட்டப்பட்ட குடியிருப்புகளில் சிறுசிறு வண்டிக் கொட்டகைகளும் நிறுத்துமிடங்களும் அமைந்தன. ஆனால் வண்டிகளும் எண்ணிக்கையில் பெருகின, உருவத்திலும் பருத்தன. பழைய கொட்டகைகள் பலவற்றுள் இன்றைய கார் நுழைந்தாலும் கதவைத் திறந்து இறங்க இடமிராது.

இதனோடு மற்றொன்றும் சேர்ந்தது. 1958-ஆம் ஆண்டு இலண்டனின் மேஃபேர் பகுதியில் முதன்முதலாக நிறுத்தக் கட்டணப் பொறிகள் நிறுவப்பட்டன. நாளடைவில் நகரத் தெருக்களெல்லாம் கட்டுப்பாட்டு மண்டலங்களாயின. தெருவில் நிறுத்தக் கட்டணம் உண்டு. அருகிலுள்ள குடியிருப்புத் திடலில் கேட்பாரில்லை என்றால், தொலைவிலிருந்து வேலைக்கு வருவோர் எங்கே நிறுத்துவர்? காலையில் அவர்கள் வந்து திடலை நிரப்பினர். இரவுப் பணி முடிந்து திரும்பிய குடியிருப்பாளர் தம் வாசலிலேயே இடமின்றிச் சுற்றினர். தீயணைப்பு வண்டி நுழையவேண்டிய வழியையும், குப்பை வண்டி திரும்பவேண்டிய முனையையும் கார்கள் அடைத்துக் கொண்டன. ஆகவே ஒழுங்குமுறை வேண்டும் என்று கேட்டவர்களுள் குடியிருப்பாளரே முன்னின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

சக்கரப் பூட்டின் காலம்

குடியிருப்புத் திடல் பொதுத்தெரு அன்று. அது வீட்டுவசதித் துறையின் நிலம். எனவே தெருவுக்குரிய போக்குவரத்துச் சட்டம் அங்கே தானாகச் செல்லாது. மன்றங்கள் பல இடங்களில் தனியார் நிறுவனங்களை அமர்த்தின. “அனுமதியின்றி நிறுத்துவோர் இன்ன தொகை செலுத்த வேண்டும்” என்று பலகை நாட்டப்பட்டது. பலகையைக் கண்டபின் வண்டியை நிறுத்துபவர் அந்நிபந்தனையை ஏற்றுக்கொண்டவராவார் என்னும் ஒப்பந்தச் சட்டமே அதற்கு அடிப்படை. பணம் பெறுவதற்கு எளிய வழியாக இரும்புப் பூட்டைச் சக்கரத்தில் மாட்டினர். சில வேளைகளில் வண்டியையே இழுத்துச் சென்றனர்.

இம்முறையின் கொடுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. பூட்டைக் கழற்றப் பெருந்தொகை கேட்பர். குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரச் செல்ல வேண்டிய தாய் அங்கேயே பணம் கொடுத்தாக வேண்டும், வழக்குரைப்பது பின்னர்தான். ஸ்காத்லாந்தில் 1992-ஆம் ஆண்டிலேயே நீதிமன்றம் இச்செயலை மிரட்டிப் பறித்தல் என்றும் திருட்டு என்றும் கருதித் தீர்ப்பளித்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது மேலும் இருபது ஆண்டுகள் நீடித்தது. 2012-ஆம் ஆண்டின் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து, சட்ட அதிகாரமின்றித் தனியார் நிலத்தில் சக்கரம் பூட்டுவதைக் குற்றமாக்கியது.

பூட்டை எடுத்துவிட்ட சட்டம், நில உரிமையாளருக்கு மாற்றுவழி ஒன்றையும் கொடுத்தது. அதுவரை நிறுவனம் யார் மீது உரிமை கோருவது? நிறுத்தியவர் மீதுதான். வண்டியை ஓட்டியவர் யாரெனத் தெரியாவிடில் கோரிக்கை வலுவிழக்கும். இதனாலேதான் “அத்தாளைப் பொருட்படுத்தாதே” என்னும் வாய்மொழி அறிவுரை வீட்டுக்கு வீடு பரவியிருந்தது. புதிய சட்டமோ, உரிய முறைப்படி அறிவிப்பு அனுப்பப்பட்டால், வண்டி யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவரிடமே தொகையைக் கேட்கலாம் என்றது. எனவே தனியார் அனுப்பும் கடிதத்தையும் இன்று அலட்சியம் செய்தல் அறிவுடைமை ஆகாது.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. மாற்றத்தின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. அம்மாற்றுவழி எல்லா நிலத்துக்கும் கிட்டவில்லை. போக்குவரத்து அதிகாரமுள்ள மன்றமே வழங்கும் அல்லது கட்டுப்படுத்தும் நிறுத்துமிடங்களை அச்சட்டம் விலக்கி வைத்தது. தெருக்களை ஆளும் மன்றமே பல இடங்களில் குடியிருப்புகளுக்கும் சொந்தக்காரர். ஆகவே அம்மன்றத்தின் கையில் பூட்டும் இல்லை, பதிவுதாரரிடம் கேட்கும் உரிமையும் இல்லை என்றாயிற்று. “உங்களுக்குப் போக்குவரத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் இருக்கிறதே, அதனைப் பயன்படுத்துங்கள்” என்பதே சட்டத்தின் கருத்து. மன்றங்கள் பல அவ்வழியே சென்றன. ஒவ்வொரு குடியிருப்பாக எடுத்துக்கொண்டு, 1984-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குச் சட்டத்தின்படி ஆணை பிறப்பித்து, தெருவில் நடப்பது போன்ற கண்காணிப்பையே திடலுக்கும் கொண்டுவந்தன.

வீட்டுக்குள் வரும் மாற்றம்

இதனால் குடும்பத்துக்கு என்ன வேறுபாடு? வெளிப்பார்வைக்கு ஒன்றுமில்லை, அதே திடல், அதே வெள்ளைக் கோடு, அதே போன்றதொரு தாள். உள்ளேயோ எல்லாம் மாறிவிட்டன. முன்னது ஒப்பந்தக் கோரிக்கை. பின்னது சட்டம் விதிக்கும் தண்டம். முன்னதில் ஓட்டியவர் யார் என்ற கேள்வி எழும். பின்னதில் பொதுவாக வண்டியின் உரிமையாளரே பொறுப்பு. ஊரிலிருந்து வந்த தம்பி மகன் தவறான இடத்தில் நிறுத்திவிட்டு விமானம் ஏறிவிட்டாலும், அறிவிப்பு சித்தப்பாவின் வாசலுக்குத்தான் வரும்.

அத்தண்டம் எவ்வாறு வளர்கிறதென்று பாருங்கள். இலண்டனுக்கு வெளியே இங்கிலாந்து நகரங்கள் பெரும்பாலானவற்றில், கடுமையானதாகக் கருதப்படும் பிழைக்கு 70 பவுண்டு. இலண்டனில் இதனினும் மிகுதி. பதினான்கு நாள்களுக்குள் செலுத்தினால் பாதி, அதாவது 35 பவுண்டு போதும். இருபத்தெட்டு நாள்களாகியும் செலுத்தாவிடில், வண்டியின் உரிமையாளருக்கு முறையான அறிவிப்பு அஞ்சலில் வரும். அதற்கும் மறுமொழி இல்லையேல் தொகையில் பாதி கூட்டப்பட்டு 105 பவுண்டாகும். பின்னர் நார்தாம்ப்டன் நகரிலுள்ள நீதிமன்றப் பிரிவில் கடனாகப் பதிவு செய்யப்படும். அதற்கும் ஒரு கட்டணம் உண்டு. அதன்பின் அமலாக்க அலுவலரின் முறை. 2014-ஆம் ஆண்டு விதிகள் அவருடைய முதற்கடிதத்துக்கு 75 பவுண்டும், வீட்டுக்கு நேரில் வருவதற்கு 235 பவுண்டும் என வகுத்தன. கூட்டிப் பாருங்கள்: 415 பவுண்டு! முப்பத்தைந்தில் முடிந்திருக்க வேண்டியது பன்னிரு மடங்கை எட்டுகிறது. நம் பெரியவரின் மகளுக்கு நேர்ந்தது இதுவே. அவர் நிறுத்தியது தம் சொந்த வாசலில்; செய்த பிழை, பழைய சீட்டு செல்லாது என்பதை அறியாமை; பெரும்பிழை, கடிதத்தைப் பிரிக்காமை.

நன்மை இல்லையா?

நன்மையும் உண்டு, நடுநிலையோடு சொல்ல வேண்டும். தாள் ஒட்டுவதையே வருவாயாகக் கொண்ட நிறுவனத்தின் இடத்தில், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மன்றம் நிற்கிறது. தண்டம் தவறென்று கருதுபவர் முதலில் மன்றத்திடமே முறையிடலாம். உரிமையாளருக்கான அறிவிப்பு வந்தபின் முறைப்படி எழுதிய மறுப்புக்கு மன்றம் 56 நாள்களுக்குள் விடையளித்தாக வேண்டும். அளிக்கத் தவறினால் மறுப்பை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும். மன்றம் மறுத்தால் சார்பற்ற தீர்ப்பாயம் உண்டு. இலண்டனுக்கு ஒன்று, அதற்கு வெளியே இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மற்றொன்று. அங்கே முறையிடக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பலகை மறைந்திருந்தது, கோடு அழிந்திருந்தது, ஆணையே முறைப்படி இல்லை என்பனவற்றைத் தீர்ப்பாளர் கேட்டு ஆராய்வார்.

பணத்தைப் பற்றியும் ஒரு வரம்பு உண்டு. 2013-ஆம் ஆண்டு வட இலண்டனின் பார்னெட் மன்றத்துக்கு எதிராக உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. தெருவில் நிறுத்தும் குடியிருப்பாளரின் ஆண்டுச் சீட்டை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாகவும், விருந்தினர் சீட்டை 1 பவுண்டிலிருந்து 4 பவுண்டாகவும் அம்மன்றம் உயர்த்தியிருந்தது. பிற போக்குவரத்துச் செலவுகளுக்காக உபரி திரட்டும் நோக்கோடு கட்டணத்தை உயர்த்த 1984-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தராது என்று நீதிமன்றம் கூறியது. வழக்கைத் தொடுத்தவர் அத்தெருவாசிகளுள் ஒருவரே. குடிமகன் ஒருவன் சட்டத்தைப் படித்துக் கேள்வி கேட்டால் மன்றமும் விடை சொல்லியாக வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டன்றோ?

யார் மீது சுமை விழுகிறது?

எனினும், ஒரு விதி எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதாலேயே அதன் சுமையும் ஒன்றாகிவிடாது. மூன்றாம் மாடியில் தனியே வாழும் மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அவரிடம் கார் இல்லை. ஆகவே நிறுத்தும் விதி அவருக்குத் தொடர்பற்றதென்று தோன்றும். ஆனால் காலையில் அவரைக் குளிப்பாட்டி உடை மாற்றவும், நண்பகலில் உணவு கொடுக்கவும், இரவில் படுக்க வைக்கவும் பராமரிப்புப் பணியாளர் காரில் வருகிறார். அரைமணி நேரத்தில் தம் கடமையை முடித்து அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியவர் அவர். இடந்தேடியே பத்து நிமிடம் கழிந்தால் அந்தப் பத்து நிமிடமும் மூதாட்டியின் உணவிலிருந்தும் உரையாடலிலிருந்தும்தான் குறையும். வண்டியே இல்லாதவர் வண்டி விதியால் வாடுவது இவ்வாறுதான்.

அடுத்து, காகிதம் மறைந்து கணிப்பொறி வந்த மாற்றம். இன்று பல மன்றங்களில் அனுமதி என்பது கண்ணாடியில் ஒட்டும் சீட்டன்று. வண்டி எண் ஒரு பட்டியலில் பதிவாகியிருப்பதே அனுமதி. விருந்தினர் வந்தால் கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ அவர் வண்டி எண்ணைப் பதிய வேண்டும். இளைஞருக்கு இஃது ஒரு நொடி வேலை. கைப்பேசியில் எழுத்தைப் படிக்கவே கண்ணாடி தேடும் முதியவருக்கோ, மகன் வந்து பார்ப்பதே ஒரு விண்ணப்பமாகிவிடுகிறது.

சீட்டுப் பெறுவதற்கும் சான்றுகள் வேண்டும். வண்டி தம் பெயரில், அதே முகவரியில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. அண்ணன் பெயரிலுள்ள காரைத் தங்கை பயன்படுத்தும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. உறவுக்குள் அது இயல்பே. அலுவலகத்துக்கு அது புரியாது. மாற்றுத்திறனாளிகளுக்குரிய நீலப் பட்டைச் சீட்டு வைத்திருப்போரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். 1971-இல் தொடங்கிய அச்சலுகை பொதுத்தெருக்களைக் கருதியே அமைந்தது. குடியிருப்புத் திடலில் அது எவ்வளவு செல்லும் என்பதை அந்தந்த ஆணையைப் பார்த்தே அறியவேண்டும்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

முதலாவது, அறிவிப்பைப் படியுங்கள். போக்குவரத்து ஆணை திடீரென்று வானிலிருந்து விழுவதில்லை. முன்மொழிவை மன்றம் உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியிட வேண்டும். மறுப்பு எழுதக் குறைந்தது 21 நாள் தரவேண்டும். விளக்குக் கம்பத்தில் கட்டியிருக்கும் தாளை நாம் விளம்பரமென்று கடந்து செல்கிறோம். வாடகைதாரருக்கு வேறோர் உரிமையும் உண்டு. வீட்டு மேலாண்மையில் தம்மைக் கணிசமாகப் பாதிக்கும் மாற்றங்களைப் பற்றி, நிலையான குடியுரிமை பெற்ற வாடகைதாரரின் கருத்தை மன்றம் கேட்கவேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு கூறுகிறது. அக்கூட்டத்துக்குச் செல்லுங்கள். பராமரிப்புப் பணியாளருக்குத் தனிச் சீட்டு உண்டா, கணிப்பொறி அறியாதவருக்குத் தாள் சீட்டோ தொலைபேசி வழியோ உண்டா, இரவுப் பணியாளர் திரும்பும் வேளையில் காவல் உண்டா என்று அங்கே கேளுங்கள். ஆணை வந்தபின் புலம்புவதினும் வருமுன் கேட்பது எளிது.

இரண்டாவது, வீட்டை விலைக்கு வாங்கியவர்கள் தம் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நிறுத்தும் இடமோ செல்லும் வழியோ அதில் உரிமையாக எழுதப்பட்டிருக்கலாம். 2016-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. தனியார் அடுக்குமாடியொன்றின் வாசலில், மேசையை இறக்குவதற்காகச் சிறிது நேரம் வண்டியை நிறுத்திய பெண்மணி மீது நிறுவனம் பணம் கேட்டது. பொருளை இறக்கச் சிறிது நேரம் நிற்பது ‘வண்டி நிறுத்துதல்’ ஆகாது என்றும், பத்திரம் கொடுத்த உரிமையைப் பின்னர் நட்ட பலகை பறிக்க இயலாது என்றும் நீதிபதி தீர்ப்பளித்தார். மன்றத்தின் ஆணையுள்ள திடலுக்கு இத்தீர்ப்பு அப்படியே பொருந்துமெனக் கொள்ளலாகாது. பத்திரத்தைப் படிக்கவேண்டும் என்னும் பாடம் மட்டும் இருவர்க்கும் பொது.

மூன்றாவது, வீடு மாறினால் வண்டிப் பதிவின் முகவரியை உடனே மாற்றுங்கள். ஸ்வான்சீ நகரிலுள்ள வாகனப் பதிவு அலுவலகத்தில் எந்த முகவரி இருக்கிறதோ அங்கேதான் கடிதம் செல்லும். பழைய வீட்டில் குவிந்த கடிதங்கள் புதிய வீட்டில் அமலாக்க அலுவலராக வந்து நிற்கும். உரிமையாளருக்கான அறிவிப்பு உண்மையிலேயே கிடைக்கவில்லையென்றால், நீதிமன்றப் பதிவு பற்றிய தாள் வந்ததும் 21 நாள்களுக்குள் அதனை உறுதிமொழியாக எழுதித் தெரிவிக்க வழியுண்டு.

நான்காவது, எந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் வைக்காதீர்கள். புரியாவிடில் புரிந்தவரிடம் காட்டுங்கள். 1939-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் இயங்கும் குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் இத்தகைய உதவியைக் கட்டணமின்றிச் செய்கின்றன. நம்மவர் கடன்கடிதத்தை மறைப்பது வெட்கத்தினால். வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

இறுதியாக, நம் பக்கத்துப் பிழையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. விருந்தினர் சீட்டை வெளியாருக்கு விற்பவர் உண்டு. “ஐந்து நிமிடந்தானே” என்று தீயணைப்பு வழியில் வண்டியை விட்டு மேலே தேநீர் அருந்துவோர் உண்டு. நான்கு கார் வைத்துக்கொண்டு, ஒரு காருக்கு இடந்தேடும் அயலாரைக் கடிந்துகொள்வோரும் உண்டு. திடல் எல்லாருக்கும் பொது. பொதுவானதில் ஒருவர் மிகுதியாக எடுத்துக்கொண்டால், வேறொருவருக்கு அது குறைந்தே தீரும். அண்டை வீட்டாரிடையே விட்டுக்கொடுத்தல் குன்றிய இடத்தில்தான் பலகையும் தண்டமும் பெருகுகின்றன.

பெரியவர் விடைபெறும்போது ஒன்று சொன்னார். மகள் அத்தொகையைத் தவணை முறையில் செலுத்தி முடித்துவிட்டாராம். அதன்பின் அதே மாடியில் குடியிருக்கும் வயது முதிர்ந்த ஆங்கிலேயப் பெண்மணியின் கதவைத் தட்டி, அவர் வீட்டுக்கு வந்திருந்த மன்றக் கடிதங்களையும் பிரித்துப் படித்துக் காட்டினாராம். பராமரிப்புப் பணியாளரின் வண்டி எண்ணையும் தமது கைப்பேசியிலேயே பதிந்து கொடுத்தாராம். இப்போது ஞாயிறுதோறும் பிற்பகலில் அந்த மாடியிலுள்ளோர் தத்தம் கடிதங்களோடு அவர் வீட்டு மேசையைச் சுற்றி அமர்கின்றனராம்.

“கடிதம் படிக்கப் போனவளுக்கு அங்கே ஒரு தாய் கிடைத்துவிட்டாள்” என்றார் பெரியவர். அவர் முகத்தில் அப்போதுதான் புன்னகையைக் கண்டோம்.